மறைந்திருக்கும் விளிம்பு ஓவியம் என்று சொல்லி 320 பவுண்டு வாங்கிவிட்டார்கள், உஷார்!

320 பவுண்டு போய்விட்டது. "இனி எங்களால் எதுவும் செய்ய இயலாது" என்று நான் ஆர்டர் கொடுத்த ஆன்லைன் சந்தையிலிருந்து இன்று காலை பதில் வந்திருக்கிறது. ஆத்திரம் அடங்கவில்லை. இங்கிலாந்தில் இருக்கும் நம்மவர்கள் யாராவது புத்தக விளிம்பில் ஓவியம் வரையச் சொல்லி ஆர்டர் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கைவினைப் பொருள்கள் விற்கும் ஒரு பெரிய ஆன்லைன் சந்தை, அதில் ஒரு கடை. பணத்தைத் திரும்பப் பெறும் முயற்சி இன்னும் முடியவில்லை, அதனால் பெயர் போடவில்லை.

இந்தக் கலை தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். புத்தகம் மூடியிருக்கும்போது தாள்களின் ஓரம் தங்கமாக மின்னும், வேறெதுவும் தெரியாது. தாள்களைச் சற்றே சாய்த்து விரித்தால் ஒரு முழு ஓவியம் வெளியே வரும். ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் மயிரிழை அகலத்துக்கு வண்ணம் இருக்கும். விரிக்கும்போது அவ்வளவும் சேர்ந்துதான் படமாகிறது. 17ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தில் இதைச் செய்திருக்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டில் ஹாலிஃபாக்ஸ் ஊரின் எட்வர்ட்ஸ் குடும்பம் இதைப் பெரிய அளவில் புகழ்பெறச் செய்தது. மாளிகைகள், இடிந்த மடாலயங்கள், கிராமத்துக் காட்சிகள் எல்லாம் வரைந்தார்கள்.

நாங்கள் இருப்பது லீட்ஸில். ஹாலிஃபாக்ஸ் இங்கிருந்து பக்கம்தான். கணவரின் 50ஆவது பிறந்தநாளுக்கு, அவருடைய தோல் அட்டை போட்ட பழைய கவிதைப் புத்தகத்தில் கிர்க்ஸ்டால் மடாலயத்தை வரைந்து கொடுக்க ஆசைப்பட்டேன். 1152இல் துறவிகள் வந்து குடியேறிய இடம் அது. ஏர் ஆற்றங்கரையில் இடிந்து நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் நடக்கப் போவதும் அங்கேதான்.

அந்தக் கடைக்காரர் பேசிய விதத்தைக் கேட்டிருந்தால் நீங்களும் நம்பியிருப்பீர்கள். முதலில் ஒரு வீடியோ அனுப்பினார். ஒரு கை தாள்களை மெல்லச் சாய்க்கிறது, தங்கத்துக்குள்ளிருந்து ஒரு ஆறும் பாலமும் வருகின்றன. அப்புறம் அவரே கேள்வி கேட்டார். தாள் வழவழப்பா, சொரசொரப்பா? ஏற்கெனவே விளிம்பில் தங்கம் பூசியிருக்கிறதா? "தூரிகையில் தண்ணீர் மிகக் குறைவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தாள் நெளிந்துவிடும்" என்று எழுதியிருந்தார். அது உண்மை. விஷயம் தெரிந்தவரிடம்தான் வந்து சேர்ந்திருக்கிறோம் என்று அந்த வரியைப் படித்தபோது எனக்கு அவ்வளவு நிம்மதி. முழுப் பணமும் முன்னாடியே வேண்டும் என்றார். 320 பவுண்டையும் கட்டினேன், புத்தகத்தையும் அனுப்பினேன்.

திரும்பி வந்த புத்தகத்தைப் பார்த்து அழுதேவிட்டேன். மூடியிருக்கும்போதே படம் தெரிகிறது! தாள்களை விரித்து, அழுத்துகருவியில் இறுக்கி, நீர்வண்ணத்தில் வரைந்து, காய்ந்த பிறகு நேராக்கி, மறுபடி இறுக்கி, முட்டை வெள்ளைக்கருவால் தங்க ரேக்கை ஒட்டி, அகேட் கல்லால் தேய்த்து மெருகேற்றுவதுதான் அந்த வேலை. இவர் மூடிய புத்தகத்தின் விளிம்பின் மேலேயே அக்ரிலிக் பெயிண்டை அப்பியிருக்கிறார். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிரித்தால் கிழிகிறது. வண்ணம் நகக்கண் அளவு உள்ளே கசிந்து, சில பக்கங்களில் எழுத்தையே தொட்டுவிட்டது. தங்கம் என்று பூசியிருப்பது புட்டியில் விற்கும் சாதாரண பெயிண்ட், விரலில் ஒட்டிக்கொண்டு வருகிறது. மடாலயத்தின் கோபுரம் 1779இல் பாதி சரிந்து விழுந்தது, அந்த உடைந்த கோபுரம்தான் அதன் அடையாளமே. இவர் ஏதோ ஒரு தேவாலயத்தின் கூம்புக் கோபுரத்தை முழுசாக வரைந்து வைத்திருக்கிறார். நான் அனுப்பிய புகைப்படங்களை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை.

கடைக்காரரிடம் புகார் சொன்னேன். அவருடைய முதல் பதில்: "கையால் செய்வது, ஒவ்வொன்றும் வேறுபடத்தான் செய்யும்." அடுத்தது: "நன்றாகக் காயவிடுங்கள், பிரிந்துவிடும்." அதற்கடுத்து, என் புத்தகத்தின் தாள் சரியில்லையாம். அதற்குப் பிறகு பதிலே இல்லை. இதற்குள் ஒரு தோழி தேடிப் பார்த்து, அந்த வீடியோவே வேறொருவருடைய வேலை என்று கண்டுபிடித்துச் சொன்னாள். அதை அந்தச் சந்தைக்கு அனுப்பினேன். தனி ஆர்டரில் செய்த பொருளுக்குப் பணம் திருப்பித் தருவதில்லை என்று ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப அனுப்பினார்கள். ஒவ்வொரு முறையும் வேறொருவர் கையெழுத்து, நான் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும்.

பிரிட்டனில் இந்தக் கலையை அழிந்துபோகும் ஆபத்து மிக அதிகம் உள்ள கைத்தொழில் என்று பட்டியலிட்டிருக்கிறார்கள். உண்மையாகச் செய்பவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். அவர்களுக்குப் போயிருக்க வேண்டிய 320 பவுண்டு இது.

விவரமாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. உங்கள் பெயர் எழுதிய துண்டுச்சீட்டைப் பக்கத்தில் வைத்து, அழுத்துகருவியில் இருக்கும் வேலையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அவர்களுடைய பழைய வேலை ஒன்றை மூடியும் விரித்தும் காட்டச் சொல்லுங்கள். முழுப் பணம் முன்னாடியே கேட்டால் வேண்டாம். 100 பவுண்டுக்கு மேல் என்றால் கிரெடிட் கார்டு நல்லது. தனி ஆர்டர் என்றாலும், சொன்னபடி இல்லாத பொருளை அப்படியே ஏற்க வேண்டியதில்லை, 2015 நுகர்வோர் சட்டம் நம் பக்கம் இருக்கிறது. மனசுக்கு நெருக்கமான புத்தகத்தை முதல் ஆர்டரிலேயே அனுப்பாதீர்கள்.

நான் டெபிட் கார்டில் கட்டியதால், பணத்தைத் திரும்ப எடுத்துத் தரச் சொல்லி வங்கிக்கு இன்றே எழுதியிருக்கிறேன். லீட்ஸ், பிராட்ஃபோர்டு பக்கம் ஒட்டிப்போன தாள்களைக் கிழியாமல் பிரித்துத் தரக்கூடிய நல்ல பைண்டர் யாரையாவது தெரிந்தால் உடனே சொல்லுங்கள். பிறந்தநாள் அடுத்த வாரம்.