புதுத் தோட்டம் போடுவதா, மாதப் பராமரிப்பா? நீலகிரியில் தோட்டத் தொழில் தொடங்குபவர்களுக்கு

கோத்தகிரி, குன்னூர் பக்கம் தோட்ட வேலையைத் தொழிலாகச் செய்ய நினைக்கும் தம்பிகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, 'என்ன மெஷின் வாங்கலாம் அண்ணா?' என்பதுதான். மெஷினைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் முடிவு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. புதிதாகத் தோட்டம் போட்டுக் கொடுக்கும் வேலையை எடுப்பதா, ஏற்கெனவே இருக்கும் தோட்டங்களை மாதத்துக்கு இவ்வளவு என்று பேசிப் பராமரிப்பதா?

இரண்டையும் செய்து பார்த்திருக்கிறேன். முதல் ஒன்றரை வருஷம் புதுத் தோட்டம், அப்புறம் ஐந்து வருஷமாகப் பராமரிப்பு. என் சாய்வு பராமரிப்புப் பக்கம்தான். அதை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

புதுத் தோட்டத்தில் ஒரே வேலையில் பெரிய தொகை வரும், பேர் கிடைக்கும், காட்டுவதற்கு அழகான போட்டோக்கள் இருக்கும். பராமரிப்பில் சின்னத் தொகை, ஆனால் மாதாமாதம் வரும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கணக்கை மாற்றுவது இந்த மலையும் இங்கே பெய்யும் மழையும்.

என் முதல் பெரிய வேலை குன்னூருக்குக் கீழே 15 சென்ட் சரிவு நிலம். மூன்று படியாக வெட்டி, கல் கட்டி, மேல் இரண்டு படியில் புல், கீழ்ப்படியில் ரோஜாவும் ஹைட்ராஞ்சியாவும் என்று பேசினோம். சமவெளியில் என்றால் ஒரு ஜேசிபி வந்து இரண்டு நாளில் சமன் செய்துவிட்டுப் போய்விடும். நீலகிரியில் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் மண் அள்ளும் இயந்திரத்தை ஓட்ட முடியாது. அது சரியான கட்டுப்பாடுதான், இந்த மண்ணைப் பார்த்தவர்கள் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் எல்லாம் மம்பட்டியும் கடப்பாரையும்தான் என்பதால் நான் பத்து நாள் என்று போட்ட கணக்கு இருபத்தாறு நாள் இழுத்தது. கூலி என் கையை விட்டுப் போனது.

ஏப்ரலில் தோட்டம் பச்சைப்பசேல் என்று இருந்தது. அக்டோபர் கடைசியில் தொடர்ந்து நான்கு நாள் மழை. நடுப்படியின் கல்கட்டு வயிறு தள்ளி, ஒரு பக்கமாகச் சரிந்துவிட்டது. தப்பு என்னுடையதுதான். சுவருக்குப் பின்னால் ஜல்லி நிரப்பி, தண்ணீர் வெளியேற அடியில் துளை விட்டிருக்க வேண்டும். செலவைக் குறைக்கப் பார்த்து இரண்டையும் அரைகுறையாகச் செய்தேன். மண்ணுக்குள் தேங்கிய தண்ணீரின் கனம்தான் சுவரைத் தள்ளும், மண்ணின் கனம் மட்டும் அல்ல. உரிமையாளர் கடைசித் தவணையை நிறுத்தி வைத்தார். நானும் என் செலவில் திரும்பக் கட்டிக் கொடுத்தேன்.

2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, ஊட்டி சுற்றுவட்டார மண்சரிவுகளில் 40 பேருக்கும் மேல் இறந்ததை எங்கள் ஊரில் யாரும் மறக்கவில்லை. சரிவில் மண்ணைத் திறக்கிற வேலை, தெரிந்தவர்கள் செய்ய வேண்டிய வேலை. புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர் அதில் கை வைத்துக் கற்றுக்கொள்ளக் கூடாது.

ஆனாலும் நான் மாறியதற்கு அந்தச் சுவர் காரணம் இல்லை. சுவரைச் சரியாகக் கட்டக் கற்றுக்கொள்ளலாம். உண்மையான காரணம் ஆள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

இங்கே புதுத் தோட்ட வேலைக்கு வருஷத்தில் எத்தனை மாதம் கிடைக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். மே சீசனுக்குள் பூக்க வேண்டும் என்று காட்டேஜ்காரர்கள் அவசரப்படுவார்கள். ஏப்ரல், மே வந்ததும் விருந்தினர் வந்துவிடுவார்கள், ஒரு குழி தோண்ட விடமாட்டார்கள். ஜூனில் தென்மேற்குப் பருவமழை. தொட்டபெட்டாவுக்கு மேற்கே கொட்டித் தீர்க்கும். கிழக்கே கோத்தகிரி மழை மறைவில் இருப்பதால் தூறலும் மூடுபனியுமாகப் போகும், அதனால் ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை எங்கள் பக்கம் சின்ன வேலைகள் செய்யலாம். அக்டோபர், நவம்பர் வடகிழக்குப் பருவமழைதான் எங்களுக்குப் பெரிய மழை. அப்போது சரிவைத் தொடவே கூடாது. டிசம்பரில் பனி இறங்கிவிடும், நட்ட புல் வேர் பிடிக்காது.

ஆக மொத்தம் ஐந்து மாதம், மிஞ்சினால் ஆறு. மீதி மாதங்களில் உங்களிடம் வேலை செய்த இரண்டு பேருக்கு நீங்கள் என்ன கொடுப்பீர்கள்? நான் ஒன்றும் கொடுக்கவில்லை. ஒருவர் கட்டட வேலைக்குப் போனார், இன்னொருவர் திருப்பூருக்கே போய்விட்டார். ஜனவரியில் போன் செய்தபோது இரண்டு பேரும் வரவில்லை. புது ஆட்களை வைத்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

இந்த வேலையை யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தோளில் மாட்டிப் புல் வெட்டும் பிரஷ் கட்டரில் சுழலும் நைலான் கயிறு மரத்தின் அடிப்பட்டையைச் சுற்றிலும் உரித்துவிட்டால் அந்த மரம் மெல்லச் செத்துப்போகும். பழகாத ஆள் ஒரே காலையில் மூன்று மரத்தை அப்படி உரித்துவிட முடியும், என் கண் முன்னாலேயே நடந்திருக்கிறது. எது களை, எது தானாக முளைத்த பூநாற்று என்று பிரித்துப் பார்ப்பது, ரோஜாவில் எந்த மொட்டுக்கு மேல் வெட்டுவது, ஈரப்புல்லில் எப்போது இறங்கக் கூடாது, இதெல்லாம் கைக்கு வர ஆறு மாதமாவது ஆகும். அப்படிப் பழகிய ஆளை மழைக்கு ஒரு தடவை இழந்தால் உங்கள் தொழில் ஒவ்வொரு வருஷமும் முதல் வருஷமாகவே இருக்கும்.

பராமரிப்பில் பன்னிரண்டு மாதமும் வேலை இருக்கிறது. இந்த மலைப் புல்வெளிகளில் பெரும்பாலும் கிக்குயூ புல்தான். கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. மழைக்காலத்தில் பத்து நாள் விட்டால் முழங்காலை நோக்கி ஓடும். ஒரு வெட்டில் உயரத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுத்தால் அடித்தண்டு தெரிந்து மஞ்சளாகிவிடும், அதனால் அடிக்கடி போய்த்தான் ஆக வேண்டும். விட்டுவிட்டால் தரையில் மெத்தை மாதிரி பழைய தண்டு சேர்ந்து, தண்ணீர் கீழே இறங்காது. மார்ச், ஏப்ரலில் அதை வாரி எடுத்து, சலித்த மண்ணும் மக்கிய தொழு உரமும் மெல்லிசாகத் தூவ வேண்டும். நம் மண் புளிப்பு அதிகம் என்பதால் தேயிலைக்காரர்கள் போடுகிற அதே டோலமைட் சுண்ணாம்புத்தூள் புல்லுக்கும் உதவும். ஜனவரி, பிப்ரவரியில் ரோஜாவுக்குக் கவாத்து, சீசன் பூக்களுக்கு விதைப்பு. செப்டம்பரில் வடிகால்களைச் சுத்தம் செய்வது. இந்த ஒரு வேலையைச் சரியாகச் செய்தாலே நவம்பரில் பாதிக் கவலை இல்லை.

பனிக்காலம் தனி. ஊட்டிப் பக்கம், அதிலும் தலைகுந்தா மாதிரிப் பள்ளமான இடங்களில், காலையில் புல் வெள்ளையாக உறைந்திருக்கும். அதன் மேல் நடந்தால் கால் வைத்த இடமெல்லாம் கருகிப்போகும். வெயில் படுவதற்கு முன்னால் தண்ணீர் தெளித்து உறைபனியைக் கரைத்துவிடுவார்கள், பூச்செடிகளை மிலாறு என்ற செடியை வெட்டி வந்து மூடுவார்கள். ஊட்டி தாவரவியல் பூங்காவிலும் இதே முறைதான். ஊட்டிப் பக்கம் எனக்கு இரண்டே வீடுகள், அதுவும் இரண்டு பனிக்காலம்தான் பார்த்திருக்கிறேன். ஆகவே அங்கே தொழில் தொடங்குகிறவர்கள் பூங்காவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தோட்டக்காரர் ஒருவரிடம் பேசிவிட்டு இறங்குங்கள்.

இப்போது பணத்துக்கு வருகிறேன். இது என் நோட்டுப் புத்தகக் கணக்கு, எல்லோருக்கும் இப்படியே வரும் என்று சொல்லவில்லை. 14 வீடுகள், சராசரி 5,500 ரூபாய், மாதம் 77,000. இரண்டு பேருக்கு நாளுக்கு 700 வீதம் 26 நாள் கூலி 36,400. பெட்ரோல், பிளேடு, வண்டி, ரிப்பேர் எல்லாம் சேர்த்து 12,000. மிச்சம் 28,600, நானும் அவர்களோடு சேர்ந்து வேலை செய்ததற்கு. புதுத் தோட்டத்தில் ஒரு வேலைக்குச் செலவெல்லாம் போக அறுபதாயிரம் நின்றது, வருஷத்துக்கு மூன்று வேலை. அதிலும் கடைசித் தவணை கைக்கு வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

பராமரிப்பில் கஷ்டம் இல்லாமல் இல்லை. உரிமையாளர்கள் சென்னையிலும் பெங்களூரிலும் இருப்பார்கள். தோட்டத்தைப் பார்க்கவே மாட்டார்கள், ஆனால் மே மாதம் வரும்போது எல்லாம் பூத்திருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் வேலைக்கு முன்னும் பின்னும் வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பும் வழக்கத்தை வைத்துக்கொண்டேன், பணமும் ஓரளவு நேரத்துக்கு வர ஆரம்பித்தது. வீடு விற்றுப்போனால் ஒரே நாளில் ஒரு வருமானம் போய்விடும். புதிதாக ஒரு வீட்டை எடுக்கும்போது, அந்த வீட்டு வாட்ச்மேன் குடும்பம்தான் அதுவரை தோட்டத்தைப் பார்த்திருக்கும், நாம் போய் நிற்பது அவர்களுக்கு வயிற்றில் அடிப்பது போல இருக்கும். முடிந்த இடத்தில் அவர்களில் ஒருவரையே கூலிக்குச் சேர்த்துக்கொண்டேன். அதுதான் நியாயம் என்று நினைக்கிறேன்.

விலங்குகளையும் சொல்லிவிட வேண்டும். வேர்ப்புழு தேடி வரும் காட்டுப்பன்றி ஒரே இரவில் புல்வெளியை உழுதுபோட்டுவிடும். முள்ளம்பன்றி கிழங்குச் செடிகளைத் தோண்டும். காட்டுமாடு வந்து நின்றால் அன்றைக்கு வேலையை விட்டுவிட்டு வந்துவிட வேண்டும், துரத்தப் பார்க்கக் கூடாது. விலங்கு சேதத்தைச் சரிசெய்ய தனிக் கூலி என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

புதுத் தோட்டம் யாருக்குப் பொருந்தும்? குடும்பத்தில் கல்கட்டு மேஸ்திரி இருந்தால், மழைக்காலத்தில் ஆட்களுக்குக் கொடுக்கச் சொந்தத் தோட்டத்திலோ நர்சரியிலோ வேலை இருந்தால், தாராளமாகச் செய்யலாம். பெரிய ரிசார்ட் வேலைகளில் கணக்கு வேறு மாதிரி இருக்கலாம். நான் அதில் ஒன்றே ஒன்று, அதுவும் இன்னொருவருக்குக் கீழே செய்திருக்கிறேன், அதனால் அழுத்திச் சொல்ல மாட்டேன். நானும் புது வேலையை முழுசாக விட்டுவிடவில்லை. பராமரிக்கும் வீட்டிலேயே ஒரு பாத்தி, ஒரு நடைபாதை என்று கேட்டால் செய்கிறேன். இரண்டு மழைக்காலம் பார்த்த நிலத்தில் தண்ணீர் எங்கே ஓடும் என்று தெரிந்துவிடுகிறது, சுவர் கட்டும்போது அந்த ஒன்று தெரிந்தால் போதும். லான்டானா, ஸ்காட்ச் புரூம் மாதிரிக் காட்டுக்குள் பரவும் செடிகளை மட்டும் யார் கேட்டாலும் வைத்துக் கொடுப்பதில்லை. சோலைகளும் புல்வெளிகளும் ஏற்கெனவே பட்டது போதும்.

மெஷின் விஷயத்துக்கு வருவோம். முதலில் ஒரு நல்ல பிரஷ் கட்டர், 35 சிசி, 4 ஸ்ட்ரோக். புல் வெட்டும் மோவரை ஆறு வீடு சேர்ந்த பிறகு வாங்கினால் போதும். கிக்குயூவின் தடித்த தண்டுக்கு உருளையில் கத்தி பொருத்திய சிலிண்டர் வகையைவிட, கத்தி விசிறி போலச் சுழலும் ரோட்டரி வகை தாங்கும். சரிவில் மோவரைக் குறுக்காகத்தான் தள்ள வேண்டும், மேலும் கீழுமாக அல்ல. செங்குத்தான இடத்தில் அதை இறக்கவே வேண்டாம். கோயம்புத்தூரில் ஓட்டிப் பார்த்து வாங்கும் மெஷின் இங்கே வந்ததும் மூச்சு வாங்கும். ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் பெட்ரோல் இன்ஜினின் சக்தி சுமார் 3.5 சதவீதம் குறையும், 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டியில் கால் பங்கு போய்விடும். காற்று மெலிந்திருப்பதால் பெட்ரோல் கலவை கெட்டியாகி பிளக்கும் கரிபிடிக்கும். அதனால் ஒரு படி பெரிய இன்ஜினாக வாங்குங்கள், கார்புரேட்டரை மலை உயரத்துக்கு ஏற்றபடி சரிசெய்து தரச் சொல்லிக் கேளுங்கள். பேட்டரி மெஷின் ஒன்று எட்டு மாதமாக வைத்திருக்கிறேன். சத்தம் இல்லை, சின்னத் தோட்டத்துக்கு நன்றாக இருக்கிறது. ஈரக் கிக்குயூவில் சார்ஜ் சீக்கிரம் இறங்குகிறது, ஒரு மழைக்காலம் முழுசாக ஓட்டிய பிறகுதான் நம்பிச் சொல்வேன்.

பதிவு விஷயம் சுலபம். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. சேவைத் தொழிலில் வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டும் வரை ஜிஎஸ்டி பதிவு பொதுவாகத் தேவைப்படாது.

பிப்ரவரி கடைசியில், ஒரே சாலையில் இருக்கும் மூன்று வீடுகளோடு தொடங்குங்கள். புல் மெதுவாக வளரும் நேரம், ஆளைப் பழக்க அவகாசம் கிடைக்கும். மாதத் தொகையைப் பேசும்போது மழை மாதத்துக்கு மூன்று தடவை, பனி மாதத்துக்கு ஒரு தடவை என்று வருவதைப் பிரித்து எழுதுங்கள், தொகையை மட்டும் பன்னிரண்டு மாதத்துக்கும் ஒன்றாக வையுங்கள். ஜனவரியில் ஆட்களுக்குக் கொடுக்க வேண்டிய கூலி அதிலிருந்துதான் வரும்.