பாரிமுனை அன்னபேதியும் 50% பெராக்சைடும்: சாயத் தண்ணீருக்கு எப்படி?

இரும்பையும் பெராக்சைடையும் சேர்த்துச் சாயத்தைச் சிதைக்கும் ஃபென்டன் முறையில், சாயப்பட்டறைக் கழிவான சாயத் தண்ணீரின் நிறத்தை எடுக்கத் தேவையான சரக்கு முழுவதும் பாரிமுனைப் பக்கத்துக் கெமிக்கல் கடைகளில் கிடைக்கிறது: அன்னபேதி என்கிற ஃபெரஸ் சல்பேட், 50 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, சல்ஃப்யூரிக் அமிலம், சுண்ணாம்பு. அதிகக் காசு போவது பெராக்சைடுக்கு என்பதால் அதற்குத்தான் எல்லோரும் பேரம் பேசுகிறார்கள். அன்னபேதி மூட்டையை யாரும் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. வேலை கெடுவது பெரும்பாலும் அங்கேதான்.

நல்ல அன்னபேதி வெளிர்பச்சைப் படிகமாக, உதிரியாக இருக்கும். சென்னையின் ஈரக்காற்றில் வாய் திறந்து கிடந்த மூட்டை மஞ்சள்பழுப்பேறிக் கட்டிதட்டிவிடும். அதிலுள்ள ஃபெரஸ் இரும்பு காற்றில் ஆக்சிஜனேறி ஃபெர்ரிக்காக மாறிவிட்டது என்று அர்த்தம். ஃபெரஸ் இரும்பு பெராக்சைடைச் சட்டென்று உடைத்து ஹைட்ராக்சில் ரேடிக்கல் என்கிற வீரியமான துகளைத் தருகிறது, சாயத்தைச் சிதைப்பது அந்த ரேடிக்கல்தான். ஃபெர்ரிக் அதே பெராக்சைடோடு ஆயிரம் மடங்குக்கும் மேல் மெதுவாகத்தான் வினைபுரியும். கடையிலேயே சோதித்துப் பார்க்கலாம்: பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் 100 மில்லியில் 10 கிராமைக் கரையுங்கள். தெளிந்த இளம்பச்சை வந்தால் வாங்கலாம். காவி நிறத்தில் கலங்கினால் எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம்.

பெராக்சைடில் பார்க்க வேண்டியது தயாரிப்புத் தேதியும், மூடியில் காற்றுப்போக்கும். உப்பிய கேனைத் தொடவே வேண்டாம். அன்னபேதி எடுத்த குவளையைக் கேனுக்குள் விடக் கூடாது. துளி இரும்பு போதும், உள்ளேயே பொங்கிவிடும். கையில் பட்டால் தோல் வெளுத்து எரியும், ஆகவே கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

அளவுக்கு ஒரு கணக்கு. சிஓடி (கழிவை ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் உள்ள 1,000 லிட்டர் தண்ணீரை முழுதாக ஆக்சிஜனேற்ற, ஏட்டுக் கணக்குப்படி 4.25 கிலோ 50% பெராக்சைடு வேண்டும். நிறம் மட்டும் போவதற்கு அவ்வளவு தேவைப்படாது. 2 கிலோவில் தொடங்கலாம். அதில் சுத்தப் பெராக்சைடு 1 கிலோ; இரும்பும் சுத்தப் பெராக்சைடும் எடையில் 1:10 என்று வைத்தால் அன்னபேதி 500 கிராம், ஏனென்றால் அன்னபேதியில் இரும்பு 20 சதவீதம்தான். முதலில் ஒரு லிட்டர் ஜாடியில் சோதித்துவிட்டுத் தொட்டிக்குப் போங்கள்.

தண்ணீர் ஆறிய பிறகு அமிலம் விட்டு பிஎச்சை (அமில, காரத் தன்மையின் அளவு) 3-க்குக் கொண்டுவந்து, அன்னபேதியைக் கரைத்து, பெராக்சைடை நான்கு தவணையாக ஊற்ற வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் மிகுதிப் பெராக்சைடே ரேடிக்கலைத் தின்றுவிடும். பிஎச் 4-ஐத் தாண்டினால் இரும்பு துருவாகப் படியும், பெராக்சைடு வெறும் ஆக்சிஜனாகப் பறந்துவிடும். அசோ வகைச் சிவப்பு, கறுப்புச் சாயங்கள் ஜாடியில் கண்ணெதிரே வெளிறி வைக்கோல் நிறத்துக்கு வரும். மிஞ்சும் மஞ்சள் பெரும்பாலும் ஃபெர்ரிக் இரும்புதான்; சுண்ணாம்பு போட்டு பிஎச் 8-க்கு ஏற்றினால் கசடோடு இறங்கிவிடும். டர்க்காய்ஸ் நீலம் அடம்பிடிக்கும், அதில் செம்பும் வெளியேறும். சாயமேற்றச் சாதா உப்பு போட்ட தண்ணீரில் குளோரைடு ரேடிக்கலைப் பிடித்துக்கொள்வதால் கூடுதல் நேரம் கொடுக்க வேண்டும்.

கசடு அடியில் தங்காமல் மிதந்தால் பெராக்சைடு மிச்சம் இருக்கிறது: அதிலிருந்து வரும் ஆக்சிஜன் குமிழிகள்தான் கசடைத் தூக்குகின்றன. பிஎச் 8-இல் மெதுவாகக் கலக்கிக்கொண்டே காத்திருங்கள், பெராக்சைடு மிச்சமில்லை என்று ஸ்டிரிப்பில் (சோதனைத் தாளில்) பார்த்துவிட்டு நிறுத்துங்கள். அதைச் செய்யாமல் சிஓடி சோதனைக்கு அனுப்பினால் எண் பொய்யாக உயர்ந்து வரும். ஆர்ஓ-வுக்கு விட்டால் மெம்பிரேனே பாழாகும்.

நிறத்தை எடுப்பதில் இந்தச் சரக்குக்கு 5-க்கு 4 தாராளமாகக் கொடுக்கலாம். உப்பைக் குறைக்கும் என்று எதிர்பார்த்து வாங்காதீர்கள். சல்பேட் சேர்வதால் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவு) ஏறத்தான் செய்யும். ஒரு கிலோ அன்னபேதிக்குச் சுமார் 385 கிராம் உலர்ந்த இரும்புக் கசடு வரும், சுண்ணாம்புக் கசடு தனி. அதைச் சாக்கடையிலோ குப்பையிலோ போடக் கூடாது. அனுமதி பெற்ற அபாயகரக் கழிவு மையத்துக்கு அனுப்பும் செலவையும் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.