குயீன்: மான்ட்ரியலா, வெம்ப்ளியா?

பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான குயீனை மேடையில் பார்க்க உள்ள கச்சேரிப் படங்களில் இரண்டை ஒப்பிடுவோம்: 1981 நவம்பரில் கனடாவின் மான்ட்ரியல் ஃபோரம் அரங்கில் எடுத்தது, 1986 ஜூலையில் லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் எடுத்தது.

மான்ட்ரியல் கச்சேரியை 35 மி.மீ. ஃபிலிமில் பிடித்தார்கள். அதனால்தான் 2024-இல் ஐமேக்ஸ் எனும் பிரம்மாண்டத் திரையிலும் தாக்குப்பிடித்தது. பாடகர் ஃப்ரெடி மெர்குரியின் முகத்து வியர்வைகூடத் துல்லியம். வெம்ப்ளியோ வீடியோ டேப். என்னதான் மெருகேற்றினாலும் டேப்பில் பதியாத நுணுக்கம் எங்கிருந்து வரும்?

சரி, கூட்டம்? அதில் வெம்ப்ளியை அடிச்சுக்க முடியாது. ஃப்ரெடி குரலை இழுக்க, மைதானமே திருப்பிப் பாடுகிறது. கடைசியில் கிரீடமும் அங்கியுமாக நிற்கிறார்.

ஆனாலும் என் ஓட்டு மான்ட்ரியலுக்கே. வெம்ப்ளியில் கீபோர்டுக்கு ஸ்பைக் எட்னி துணை இருந்தார்; மான்ட்ரியல் மேடையில் குழுவின் நால்வர் மட்டும். பிரையன் மேயின் கிதார் ஒன்றே அரங்கை நிரப்புகிறது. முதன்முறை பார்ப்பவர்கள் இதிலிருந்து தொடங்குங்கள்.