ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மக்கர் செய்கிறதா? கையில் உள்ள காசுக்கு எந்த வழி சரி?

'டி'யில் போட்டால் ஒரு நொடி யோசித்துவிட்டு டம்மென்று இடித்துக்கொண்டு நகர்கிறது. ஏற்றத்தில் மிதித்தால் எஞ்சின் உறுமுகிறது, வண்டி ஏறமாட்டேன் என்கிறது. மெக்கானிக்கிடம் போனால் "பாக்ஸ் போச்சு" என்று சொல்லி, காரின் விலையில் பாதியைத் தொடும் ஒரு தொகையைச் சொல்கிறார். பணம் இறுக்கமாக இருக்கும்போது இதைக் கேட்டால் வயிறு கலங்கத்தான் செய்யும். ஆனால் "பாக்ஸ் போச்சு" என்ற ஒற்றை வரிக்குள் நான்கு வேறு வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கலாம்: ஆயில் குறைவு, மின் கோளாறு, ஆயில் அழுத்தக் கோளாறு, உள்ளே கிளட்ச் தட்டுகளின் தேய்மானம். முதல் மூன்றையும் பல வண்டிகளில் பெட்டியைக் கழற்றாமலே சரிசெய்யலாம். நான்காவதுதான் பெரிய செலவு. உங்களுடையது எது என்று தெரியாமல் எந்த வழியையும் ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

அதனால் முதல் காசு பரிசோதனைக்குத்தான் போக வேண்டும். ஆயில் அளவையும் நிறத்தையும் பாருங்கள். பெரும்பாலான ஆட்டோமேட்டிக் ஆயில் புதிதில் சிவப்பாக இருக்கும். கறுத்து, தீய்ந்த வாடை அடித்தால் தட்டுகள் கருகியிருக்கின்றன. ரோஸ் நிறத்தில் பால் கலந்ததுபோல் இருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் உடைந்து கூலன்ட் கலந்துவிட்டது, உடனே வண்டியை நிறுத்துங்கள். அப்புறம் ஸ்கேனர், அதாவது காரின் கணினியில் பதிவான கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் கருவி. எஞ்சினை மட்டும் படிக்கும் மலிவு ஸ்கேனர் 'பி0700' என்று காட்டிவிட்டு நின்றுவிடும். கியர்பாக்ஸ் கன்ட்ரோலரில் (கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் கணினியில்) ஏதோ பதிவாகியிருக்கிறது என்பதற்கு மேல் அதில் விஷயம் இல்லை. கன்ட்ரோலரையே படிக்கும் ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் போக வேண்டும். வண்டி ஒரே கியரில் மாட்டிக்கொண்டு மாறவே மாறாவிட்டால், அது பெரும்பாலும் கன்ட்ரோலர் தற்காப்புக்காகச் செய்வது. ஒரு சென்சார், அரித்துப்போன கனெக்டர், ஏன், சோர்ந்துபோன பேட்டரிகூடக் காரணமாக இருக்கலாம்.

எல்லாவற்றையும்விட உண்மையைச் சொல்வது பெட்டியின் அடியில் ஆயில் தங்கும் தட்டான ஆயில் பான்தான். அதைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். அடியில் ஒட்டியிருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மை போல ஒரு பசை படிந்திருக்கும். விரலில் தேய்த்தால் வழுவழுப்பாக இருந்தால் அது சாதாரணத் தேய்மானம், பயப்பட வேண்டாம். நறநறவென்று தட்டுப்பட்டாலோ, பளபளக்கும் சீவல்கள் இருந்தாலோ உள்ளே இரும்பு இரும்பைத் தின்கிறது. பான் முழுக்கக் கறுப்புத் துகளாகக் கிடந்தால் கிளட்ச் தட்டின் மேற்பூச்சு உதிர்ந்துவிட்டது. இந்த ஒரு காட்சியே அடுத்து என்ன செய்வது என்பதைப் பாதி தீர்மானித்துவிடும்.

பான் சுத்தமாக இருந்தால், ஆயில், பில்டர் மாற்றுவதுதான் மிக மலிவான வழி. கசிவால் ஆயில் குறைந்து வந்த கோளாறு, 'சீல்' என்ற ரப்பர் அடைப்பை மாற்றி அளவைச் சரிசெய்தாலே போய்விடும். வடித்து நிரப்பும்போது பாதிக்கும் குறைவான ஆயில்தான் வெளியே வரும், மிச்சம் டார்க் கன்வெர்ட்டரிலும் (எஞ்சின் விசையை ஆயில் வழியாகப் பெட்டிக்குக் கடத்தும் பாகம்) கூலரிலும் தங்கிவிடும். அதனால் இடைவெளி விட்டு இரண்டு மூன்று முறை வடித்து நிரப்புவது நல்லது. இயந்திரம் வைத்து மொத்தமாக 'ஃப்ளஷ்' செய்யலாமா என்று கேட்டால், ஏற்கெனவே நழுவும், அதாவது எஞ்சின் உறுமியும் விசை சக்கரத்துக்கு முழுதாகப் போகாத பெட்டிக்கு நான் வேண்டாம் என்பேன். கருகிய தட்டைப் புது ஆயில் குணப்படுத்தாது. கிளறிவிட்ட அழுக்கு, ஆயிலைத் தேவையான இடத்துக்குத் திருப்பிவிடும் வால்வு பாடியின் நுண்துளைகளில் போய் அடைக்கவும் கூடும். பாட்டிலில் விற்கும் 'கியர்பாக்ஸ் டானிக்'குகள், காய்ந்த சீலைக் கொஞ்சம் உப்பவைத்துக் கசிவைத் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான்.

அடுத்தது சோலனாய்டு (வால்வு பாடியில் ஆயில் ஓட்டத்தைத் திறந்து மூடும் மின் வால்வு), வால்வு பாடி. குறிப்பிட்ட மாற்றத்தில் மட்டும் இடி, சூடானால் மட்டும் கோளாறு, ஸ்கேனரில் குறிப்பிட்ட சோலனாய்டின் கோளாறுக் குறியீடு, பானோ சுத்தம் என்றால் இந்த வழியில் துணிந்து பணம் போடலாம். பல மாடல்களில் பானைக் கழற்றினாலே வால்வு பாடி கைக்கு எட்டிவிடும் என்பதால் கூலி குறைவு. மாற்றியபின் கன்ட்ரோலர் பழைய பாகத்துக்கு ஏற்பக் கற்று வைத்திருக்கும் கியர் மாற்றக் கணக்கை அழித்துப் புதிதாகக் கற்கவைக்க வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால் நல்ல பாகத்தைப் போட்டும் இடி தொடரலாம்.

தட்டுகள் போய்விட்டன என்று உறுதியானால் உண்மையான போட்டி இரண்டுக்குத்தான்: பழைய பெட்டி ஒன்றை வாங்கி மாட்டுவதா, இருப்பதைப் பிரித்து ரீபில்ட் செய்வதா?

பழைய பெட்டி விலையில் ஜெயிக்கும், வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் அதன் கடந்த காலம் யாருக்கும் தெரியாது. இங்கே எல்லோரும் பெட்டியின் விலையைப் பேரம் பேசுகிறார்கள், கூலியை மறந்துவிடுகிறார்கள். பெட்டியை இறக்கி ஏற்றும் கூலி, எந்தப் பெட்டியைப் போட்டாலும் ஒன்றுதான். வந்த பெட்டியும் படுத்தால் அந்தக் கூலியை இரண்டாம் முறை கொடுக்க வேண்டும். விற்பவர் தரும் வாரண்டி பெட்டிக்கு மட்டுமா, கூலிக்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். மாடல் பெயர் ஒன்றாக இருப்பது போதாது, கியர்பாக்ஸ் தகட்டில் உள்ள குறியீட்டு எண்ணும் பொருந்த வேண்டும். ஏற்றுவதற்குமுன் முன்பக்க சீல், பில்டர் புதிதாகப் போட்டு, கூலரைக் கழுவச் சொல்லுங்கள். படுத்துப்போன உங்கள் பெட்டியின் துகள்கள் கூலரில்தான் காத்திருக்கும்.

ரீபில்ட் செலவு அதிகம், ஆனால் ஒழுங்காகச் செய்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்த பெட்டி கிடைக்கும். ஒழுங்காக என்றால் எல்லா சீல்களும் உராய்வுத் தட்டுகளும் புதிது, டார்க் கன்வெர்ட்டரும் மாற்றப்பட வேண்டும். "போன தட்டை மட்டும் மாத்திக்கலாம், பாதிக் காசுதான்" என்ற யோசனைக்கு மட்டும் தலையாட்டாதீர்கள். தட்டு தானாகக் கருகாது. பெரும்பாலும் விரிசல் விட்ட பிஸ்டன் சீலோ தேய்ந்த வால்வோ அழுத்தத்தைக் கசியவிட்டதால்தான் கருகியிருக்கும். காரணம் அப்படியே இருக்க, புதுத் தட்டும் அதே வழியில் போகும். காரை இன்னும் பல வருடம் வைத்திருப்பதாக இருந்து, ஆட்டோமேட்டிக் வேலை தெரிந்த கடையும் அமைந்தால் என் ஓட்டு ரீபில்டுக்கு. ஓரிரு வருடம் ஓடினால் போதும் என்றால் வாரண்டியோடு வரும் பழைய பெட்டி.

தனித்தனி கியர்களுக்குப் பதில் பெல்ட்டும் புல்லியும் உள்ள சிவிடி வகையில் கணக்கு மாறும். உலோக பெல்ட்டும் புல்லியும் கீறிவிட்டால் அதைப் பிரித்துச் செய்பவர்கள் குறைவு, அங்கே பழைய பெட்டிதான் நடைமுறை வழி. அதற்கென்று உள்ள ஆயிலைத் தவிர வேறு எதையும் ஊற்றவும் கூடாது. ஏஎம்டி என்றால் மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள். அது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்சோ, அதையும் கியரையும் தானாக இயக்கும் ஆக்சுவேட்டரோ மாற்றினால் பெரும்பாலும் முடிந்தது.

இப்படியே விற்றுவிடுவதும் ஒரு வழிதான், தோல்வி இல்லை. நல்ல நிலையில் உங்கள் கார் என்ன விலை போகும், இப்போதைய நிலையில் என்ன விலை போகும் என்று இரண்டையும் விசாரியுங்கள். பழுதுச் செலவு அந்த வித்தியாசத்தைத் தாண்டி, துருவும் எஞ்சின் புகையும் சேர்ந்திருந்தால், கோளாறை மறைக்காமல் சொல்லி விற்றுவிடலாம். மற்றபடி கார் திடமாக இருந்தால் கொஞ்சம் கூடுதலாகச் செலவழிப்பதில் தவறில்லை. அதே காசுக்கு வாங்கும் இன்னொரு பழைய காரில் என்ன குறை என்று உங்களுக்குத் தெரியாது.

முடிவெடுக்கும்வரை நழுவும் வண்டியை ஓட்டாதீர்கள். ஒவ்வொரு நழுவலிலும் தட்டு சூடாகிப் பொடியாகிறது, அந்தப் பொடி வால்வு பாடிக்கும் கன்வெர்ட்டருக்கும் போகிறது. சோலனாய்டோடு முடிந்திருக்க வேண்டிய வேலை இப்படித்தான் ரீபில்டாக மாறுகிறது. கட்டி இழுத்துக்கொண்டு போவதாக இருந்தால், எஞ்சின் விசை போகும் சக்கரங்கள் தரையில் உருளக் கூடாது. எஞ்சின் நின்றிருக்கும்போது ஆயில் பம்ப் ஓடாது, உள்ளே எல்லாம் வறட்சியாக உரசும். வண்டி முழுவதையும் ஏற்றிக்கொள்ளும் லாரியைக் கூப்பிடுங்கள்.