அரிக்கும் ராத்திரிக்கு மாத்திரையா, களிம்பா?

எனக்கு முழங்கை மடிப்பில் பல வருஷக் கரப்பான் (எக்ஸிமா). பகலில் மறந்தே போகும், விளக்கை அணைத்துப் படுத்தால் ஆரம்பிக்கும். ராத்திரியில் தோலின் சூடு ஏறுகிறது, ஈரமும் அதிகமாக வெளியேறுகிறது. அழற்சியை அடக்கும் கார்ட்டிசால் ஹார்மோன் நள்ளிரவை ஒட்டி அடிமட்டத்துக்குப் போய்விடுகிறது. இப்படிப்பட்ட ராத்திரிக்கு எது கைகொடுக்கும்?

மருந்துக்கடையில் 'அரிப்பு மாத்திரை' என்று கேட்டால் செட்டிரிசினோ ஏவிலோ கிடைக்கும். செட்டிரிசின் திடீரென்று தடித்து மறையும் காணாக்கடிக்கு நல்ல மருந்து, ஏனென்றால் அந்தத் தடிப்பு ஹிஸ்டமின் என்ற ஒவ்வாமை ரசாயனம் செய்யும் வேலை, செட்டிரிசின் அதைத்தான் தடுக்கிறது. கரப்பான் அரிப்பில் இன்டர்லூகின் 31 (நோயெதிர்ப்பு செல்கள் சுரக்கும் ஒரு புரதம்) போன்ற வேறு ஆட்களுக்குத்தான் பெரிய பங்கு. ஏவில் மாதிரிப் பழைய மாத்திரைகள் தூங்க வைக்கும், அவ்வளவுதான். காலையில் பார்த்தால் தலையணை உறையில் ரத்தப் பொட்டு, நகத்துக்கடியில் செதில். நான் தூங்கியிருக்கிறேன், கை தூங்கவில்லை. மறுநாள் மதியம் வரை மந்தம் வேறு. அமெரிக்கத் தோல் மருத்துவ அகாடமியின் 2014 வழிகாட்டுதலும், அரிப்பால் தூக்கம் கெடும்போது இப்படித் தூங்க வைக்கும் மாத்திரைகளைக் கொஞ்ச நாள் எடுக்கலாம், களிம்புக்குப் பதிலாக அல்ல என்றுதான் சொல்கிறது.

களிம்பு மெதுவாகத்தான் வேலை செய்யும். மருத்துவர் கொடுத்த ஸ்டீராய்டு களிம்பில் எனக்கு நாலாவது ராத்திரிதான் முழுத் தூக்கம் வந்தது. ஆனால் அது நோயையே அடக்கி வந்த தூக்கம். அளவு சுலபம்: சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம், விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலத்துக்குப் போதும். கடைக்காரர் தானாக எடுத்துத் தரும் மூன்று மருந்து கலந்த ட்யூப் மட்டும் வேண்டாம். நம் அரிப்பு உண்மையில் படர்தாமரையாக இருந்தால், அந்த ட்யூபில் இருக்கும் ஸ்டீராய்டு அதை இன்னும் பரப்பிவிடும்.

ரொம்ப மோசமான ராத்திரிக்கு ஈரத் துணிக் கட்டு. குளித்த ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சுரைசரைத் தாராளமாகப் பூசி, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பழைய வேட்டித் துணியைச் சுற்றி, மேலே உலர்ந்த துணி. குளிர்ச்சியே அரிப்பைத் தணிக்கும், நகமும் தோலைத் தொடாது. கட்டிவிட ஆள் வேண்டும், அதுதான் தொல்லை. சீழ் இருந்தால் கட்டவே கூடாது, ஸ்டீராய்டு பூசி அதன்மேல் கட்டுவதானால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான்.

அப்புறம் கரப்பானுக்கான டுபிலுமாப் ஊசி, 2017-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்கு ஒன்று. அரிப்பு குறையும், தூக்கமும் தேறும். விலையைக் கேட்டால்தான் தூக்கம் போகும். களிம்புக்கு அடங்காதவர்கள் அதைப் பற்றிப் பேசலாம், எனக்கு இதுவரை ட்யூபும் வேட்டியுமே போதுமாக இருக்கிறது.