தியான டைரியா, பயிற்சிப் புத்தகமா, கோடு போட்ட நோட்டா? வாங்குமுன் பார்க்க வேண்டியவை

டிசம்பர் பிறந்ததும் மதுரையில் ஆலய வளாகத்துப் புக் ஸ்டால்களிலும், கூட்டங்கள் நடக்கும் மைதானத்து மேசைகளிலும் இரண்டு வகைப் புத்தகங்கள் வந்து நிறைந்துவிடும். ஒன்று தேதி போட்ட தியான டைரி. நாளுக்கு ஒரு பக்கம், மேலே ஒரு வசனம், கீழே வெறும் கோடு. இன்னொன்று பயிற்சிப் புத்தகம். ‘தேவனுடைய பார்வையில் நான் யார்? என் வாழ்க்கையில் எதற்கு முதலிடம்?’ என்று கேள்வி கேட்டு, பதில் எழுத இடம் விட்டிருப்பார்கள்; பெரும்பாலும் 30 நாள் அல்லது 40 நாள் கணக்கு. இந்த இரண்டையும், டவுன் ஹால் ரோட்டில் எந்த ஸ்டேஷனரிக் கடையிலும் வாங்கக்கூடிய 192 பக்கக் கோடு போட்ட நோட்டையும் சேர்த்து வைத்து இங்கே பார்க்கிறோம். இவற்றை யார் யாரோ அச்சடிக்கிறார்கள், ஆண்டுக்கு ஆண்டு மாற்றுகிறார்கள். அதனால் பதிப்பகத்தின் பெயரைவிட, கையில் எடுத்துப் புரட்டும்போது எதைப் பார்ப்பது என்பதுதான் உதவும்.

முதலில் பொருளடக்கம். ‘முன்னுரிமைகள்’ பக்கம் முன்னால் வருகிறதா, ‘நான் யார்’ பக்கம் முன்னால் வருகிறதா என்று பாருங்கள். முன்னுரிமை முன்னால் வந்தால் அந்தப் புத்தகத்தைத் திரும்ப வைத்துவிடலாம். இது அமைப்பு சம்பந்தப்பட்ட சின்ன விஷயம் அல்ல. எபேசியர் நிருபத்தில் 6 அதிகாரங்கள். முதல் 3 அதிகாரமும் தேவன் என்ன செய்து முடித்தார் என்பதைச் சொல்கின்றன. ‘இப்படி நடந்துகொள்ளுங்கள்’ என்ற புத்திமதி 4-ம் அதிகாரத்தில்தான் ஆரம்பிக்கிறது. இயேசுவின் ஞானஸ்நானத்திலும் இதே வரிசைதான். ஒரு பிரசங்கமும் ஒரு அற்புதமும் நடக்குமுன்பே ‘நீர் என்னுடைய நேசகுமாரன்’ என்ற சத்தம் வந்துவிட்டது. அடுத்த அதிகாரத்தில் சோதனைக்காரன் கை வைத்ததும் அதே இடத்தில்தான்: ‘நீர் தேவனுடைய குமாரனேயானால்’. தான் யார் என்பது தீர்மானமாகாத ஒருவரிடம் முன்னுரிமைப் பட்டியல் எழுதச் சொன்னால், பெயர் வாங்குவதற்காக ஒரு பட்டியல் வரும். மூன்றாம் வாரத்தில் அது குற்ற உணர்ச்சியாக மாறும். நான்காம் வாரத்தில் புத்தகம் பீரோவுக்குள் போய்விடும்.

பயிற்சிப் புத்தகங்களில் ‘நான் யார்’ பகுதியை எப்படி நடத்துகிறார்கள் என்பதில்தான் நல்லதும் மோசமும் பிரிகின்றன. மோசமானதில் ஒரே பக்கத்தில் முப்பது வரி இருக்கும்: நான் ராஜாவின் பிள்ளை, நான் ஜெயங்கொண்டவன், நான் தலை, வால் அல்ல. தினமும் சத்தமாக அறிக்கை செய்யச் சொல்வார்கள். இது ஏன் நிலைக்காது என்றால், ஏற்கெனவே நம் மனதில் உட்கார்ந்திருக்கும் அடையாளத்தை இந்தப் பட்டியல் தொடுவதே இல்லை. அதற்கு மேலே புதிதாக ஒரு பூச்சு பூசுகிறது, அவ்வளவுதான். மகனுக்கு நீட் மார்க் குறைந்தால், பதவி உயர்வு பட்டியலில் பெயர் விட்டுப்போனால், அன்றைக்கே பூச்சு உதிர்ந்துவிடும்.

பவுல் பிலிப்பியர் 3-ல் வேறு விதமாகச் செய்கிறார். எட்டாம் நாள் விருத்தசேதனம், இஸ்ரவேல் வம்சம், பென்யமீன் கோத்திரம், எபிரெயரில் பிறந்த எபிரெயன், பரிசேயன் என்று தன் பழைய மதிப்பையெல்லாம் முதலில் பெயர் சொல்லி எழுதிவிட்டு, அதற்குப் பிறகுதான் நஷ்டம் என்று எண்ணினேன் என்கிறார். எழுதாத ஒன்றை நஷ்டக் கணக்கில் ஏற்ற முடியாது.

நல்ல புத்தகம் என்றால் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்களே நோட்டில் போட்டுக்கொள்ளுங்கள். இடது பக்கத்தில், மற்றவர்கள் உங்களை எதை வைத்து அறிமுகப்படுத்துகிறார்களோ அதில் ஏழு. ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்து வைத்துக்கொண்டால் வேலை சுலபம்: ஊர்ப் பெயர், அப்பா பெயர், அவர் பார்த்த உத்தியோகம், பெயருக்குப் பின்னால் பி.இ., எம்.பி.ஏ., கம்பெனிப் பெயர், அது சென்னையா துபாயா என்ற விவரம், ‘இன்னார் வகையறா’. ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரே கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: இது நாளைக்குப் போய்விட்டால் யார் முகத்தில் விழிக்கக் கூசுவேன்? ‘யாருமில்லை’ என்று வந்தால் அது உங்களுக்கு வெறும் தகவல். ஒரு முகம் ஞாபகத்துக்கு வந்தால், நீங்கள் உயிரோடு பிடித்திருக்கும் அடையாளம் அது.

இந்த இடத்தில் தமிழ்நாட்டில் அச்சடிக்கும் புத்தகம் கேட்டே ஆக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: சாதி. பெரும்பாலானவை கேட்பதில்லை. ‘யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை’ என்ற கலாத்தியர் 3:28-ஐ அலங்கார எழுத்தில் அச்சடித்துவிட்டு நகர்ந்துவிடுகின்றன. பெண் பார்க்கும்போது, கமிட்டித் தேர்தலில் ஓட்டுப் போடும்போது, கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்கும்போது எந்த அடையாளம் முதலில் பேசுகிறது என்று எழுத இடம் விடாத புத்தகம், நம் ஊர் விசுவாசிக்கு அடையாளத்தைப் பற்றி முக்கால்வாசி சொல்லாமலே விட்டுவிடுகிறது. இதை மட்டும் நேராகக் கேட்கும் புத்தகம் ஒன்று கிடைத்தால், மற்ற குறைகளைப் பொறுத்துக்கொண்டு வாங்கலாம்.

வலது பக்கத்துக்கு எபேசியர் 1:3 முதல் 14 வரை போதும், 12 வசனம். தெரிந்துகொண்டார் (அதாவது தேர்ந்தெடுத்தார்), சுவிகாரபுத்திரராக்கினார், மீட்டார், மன்னித்தார், சுதந்தரம் (பிள்ளைக்குரிய சொத்துரிமை) தந்தார், முத்திரை போட்டார். இதில் வேலை செய்கிறவர் முழுக்க தேவன்தான். நாளுக்கு ஒரு வினையை எடுத்து, இடது பக்கத்து ஏழில் எதை அது நேராகத் தொடுகிறதோ அதற்கு எதிரே உங்கள் சொந்த வார்த்தையில் ஒரே ஒரு வரி எழுதுங்கள். ஆறு நாள் வேலை. இங்கே எல்லாரும் சறுக்குவது, வசனத்தை அழகான கையெழுத்தில் முழுசாகப் பார்த்து எழுதுவதில். கை வேலை செய்யும், மனசு ஓய்வெடுக்கும். ஒரு வரிக்கு மேல் இடம் விடாதீர்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். 1 பேதுரு 2:9 இந்தப் பட்டியல்களில் எல்லாம் ‘நான் ராஜரீக ஆசாரியன்’ என்று தனி ஆளாக மாறிவிடுகிறது. பேதுரு எழுதியது பொந்து, கலாத்தியா, கப்பத்தோக்கியா, ஆசியா, பித்தினியா நாடுகளில் சிதறியிருந்த சபைகளுக்கு. சொன்னது ஒரு கூட்டத்தை, ஒரு ஜனத்தை. அதனால் இந்தப் பகுதியை வீட்டில் இரண்டு பேராகவோ ஜெபக்குழுவில் நான்கைந்து பேராகவோ செய்தால்தான் முழுசாகும். தனி அறையில் தனியாக முடிக்கச் சொல்லும் புத்தகத்தில் பாதிதான் இருக்கிறது.

முன்னுரிமைப் பகுதியில் ஏறக்குறைய எல்லாப் புத்தகமும் ஓர் ஏணியை வரைந்திருக்கும்: தேவன், குடும்பம், ஊழியம், வேலை. பார்க்க நன்றாக இருக்கும், நடைமுறையில் உடையும். தேவன் முதல் படியில் மட்டும் இருந்தால், காலை அரைமணி நேரத்தோடு அவர் பங்கு முடிந்தது என்றாகிவிடும். கடையில் எடை போடும்போது அவருக்கு வேலை இல்லை. கொலோசெயர் 3:23 எதைச் செய்தாலும் கர்த்தருக்கென்று செய்யச் சொல்கிறது. அதைக் கேட்டவர்களில் முதல் ஆட்கள் வேலைக்காரர்கள் என்பதை முந்தின வசனம் காட்டுகிறது. ஏணிக்கு மறுபக்கமும் ஓர் ஆபத்து இருக்கிறது. ஊழியம் என்று சொல்லி வயதான அப்பா அம்மாவைக் கவனிக்காமல் விடுவதற்கு அது சாக்காகும். மாற்கு 7-ல் ‘கொர்பான்’ (இது தேவனுக்கான காணிக்கை) என்று சொல்லிப் பெற்றோரைக் கைவிட்டவர்களை இயேசு கண்டித்தது இதற்காகத்தான். எனவே ஏணிப் படத்தை அடித்துவிட்டு, அந்தப் பக்கத்தில் கட்டம் போடுங்கள்.

கட்டம் என்பது 7 நாள், நாளுக்கு 24 மணி; மொத்தம் 168 கட்டம். வரப்போகும் வாரத்தை எழுதாதீர்கள், போன வாரத்தை எழுதுங்கள். எல்லாரும் தவறுவது இங்கேதான். வரப்போகும் வாரம் எப்போதும் பரிசுத்தமாக இருக்கும். தூக்கம் நாளுக்கு 7 மணி என்றால் 49. திருமங்கலத்திலிருந்தோ மேலூரிலிருந்தோ பஸ்ஸில் வந்துபோகிறவர் என்றால் பயணத்தைத் தனியாகக் காட்டுங்கள். மொபைல் நேரத்தை ஞாபகத்திலிருந்து எழுத வேண்டாம்; போனின் செட்டிங்ஸிலேயே வாரக் கணக்கு இருக்கிறது, அதைப் பார்த்து எழுதுங்கள். பக்கத்திலேயே போன மாதத்து யு.பி.ஐ. கணக்கை எடுத்து, செலவில் பெரிய பத்தை மட்டும் எழுதுங்கள். ‘உங்கள் பொக்கிஷம் எங்கே இருக்கிறதோ அங்கே உங்கள் இருதயமும் இருக்கும்’ என்பதற்கு இதைவிட நேரான கண்ணாடி அச்சடித்த எந்தக் கேள்வியிலும் இல்லை.

பிறகு இடது பக்கத்து ஏழு அடையாளங்களையும் இந்தக் கட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த அடையாளத்துக்குப் பயப்படுகிறோமோ அதற்குத்தான் நேரமும் பணமும் போயிருக்கும். மாற்ற வேண்டியது வாரத்துக்கு ஒரு கட்டம் போதும். எல்லாவற்றையும் திருப்பிப் போட்டால் பத்து நாள் தாங்காது. ‘முதலாவது தேவனுடைய ராஜ்யத்தைத் தேடுங்கள்’ என்ற மத்தேயு 6:33-ஐ இந்தப் பக்கத்தின் தலையில் அச்சடிப்பது வழக்கம், 25-லிருந்து வாசியுங்கள். ‘தேடுங்கள்’ என்ற கட்டளைக்கு முந்தின வசனத்தில், இவையெல்லாம் உங்களுக்கு வேண்டும் என்று உங்கள் பரமபிதா அறிந்திருக்கிறார் என்று இருக்கிறது. பிள்ளை என்ற உறுதி அங்கேயும் முன்னால்தான் நிற்கிறது.

நேரத்தைப் பற்றி இன்னொரு குறை. ‘அதிகாலை 5–6 தியானம்’ என்று கட்டாயமாக ஒரு பெட்டி அச்சடித்துவிடுகிறார்கள். மல்லித் தோட்டத்தில் மொட்டு விரியுமுன் பறித்து, மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்கு அனுப்ப வேண்டிய பெண்ணுக்கு அந்த நேரம் ஒருநாளும் கிடைக்காது. நைட் ஷிப்ட் நர்சுக்கும் அப்படியே. அந்தப் பெட்டி காலியாகக் கிடந்து தினமும் அவர்களைக் குறை சொல்லும். நேரம் அச்சடிக்காத புத்தகமாக எடுங்கள். பூப்பறிப்பு முடிந்த பிறகான அரைமணியும் தேவனுக்கு நல்ல நேரம்தான்.

தேதி போட்ட டைரிக்கு வருவோம். அதன் பலம் வருடத்துக்கான வேதவாசிப்புத் திட்டம், பலவீனமும் அதுதான். 66 புத்தகங்களில் 1,189 அதிகாரம். நாளுக்கு 3, ஞாயிறு 5 என்றால் வாரம் 23, 52 வாரத்தில் முடிந்துவிடும். ஆனால் ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40 என்று போனால் ஜனவரி கடைசியில், பலி விதிகள் நிறைந்த லேவியராகமத்தில் நிற்பீர்கள். பெரும்பாலான டைரிகள் நின்றுபோவது அங்கேதான். அடையாளத்தையும் முன்னுரிமையையும் சீர்படுத்த வாங்குகிறவருக்குப் புதிய ஏற்பாட்டுத் திட்டம் உள்ள டைரி மேல்: 260 அதிகாரம், வாரம் 5, சரியாக 52 வாரம், சனி ஞாயிறு விட்டதைப் பிடிக்க. கத்தோலிக்கர் என்றால், திருவிவிலியத்தில் 73 நூல்கள் இருப்பதால் 66 புத்தகக் கணக்கில் போட்ட திட்டம் பொருந்தாது, வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

மேலே அச்சடிக்கும் தின வசனங்களில் பாதி, வருடப் பிறப்பு ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டைகளைப் போலத் துண்டாக வெட்டியவை. ‘தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே’ என்ற எரேமியா 29:11 எல்லா டைரியிலும் இருக்கும். அதற்கு முன்னால் 70 வருஷம் பாபிலோனில் சிறைப்பட்டிருக்க வேண்டும் என்று சொல்லும் 10-ம் வசனம் பெரும்பாலும் இருக்காது. வசனத்துக்குக் கீழே அதிகாரத்தின் பின்னணியை ஒரு வரியாவது கொடுக்கும் டைரிக்கு நாங்கள் கூடுதல் மதிப்பெண் தருவோம்.

சில டைரிகளில் இரவுக்கு ஐந்து வரி உண்டு: நன்றி சொல்வது, ஒளி கேட்பது, நாளைத் திரும்பிப் பார்ப்பது, மன்னிப்பு, நாளைக்கான தீர்மானம். கத்தோலிக்கத் துறவற சபையான இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் வகுத்த ஆன்ம சோதனை இது. அந்தச் சபையின் குரு நொபிலி 1606-ல் வந்து பணி செய்த ஊர் மதுரை. எந்தச் சபைக்காரரானாலும் இந்த ஐந்து வரியைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். பத்து நிமிடம் போதும். திரும்பிப் பார்க்கும்போது ‘இன்று எந்த நேரத்தில் என் பழைய ஏழில் ஒன்று என்னை ஆட்டியது?’ என்று கேட்டால், பயிற்சி வருடம் முழுக்க உயிரோடு இருக்கும்.

பொருளாகப் பார்த்தால்: பசை மட்டும் போட்டு ஒட்டிய முதுகை நன்றாக விரித்து அமுக்கினால் வெடித்துப் பக்கம் கழன்றுவரும், நூல் தைத்ததை எடுங்கள். மெல்லிய தாளில் ஜெல் பேனா மறுபக்கம் தெரியும், பால் பாயின்டே நல்லது. வேதாகமத் தாள் அதைவிட மெல்லியது, அதில் மார்க்கர் வேண்டாம், கலர் பென்சில் போதும். கூட்டுக் குடும்பத்தில் இருப்பவர்கள் மற்றவர் பெயரை முதல் எழுத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டைரியை வேறு யாராவது படித்துவிடுவார்களோ என்ற பயம் வந்தால் எழுத்து பொய்யாகிவிடும்.

எங்கள் தேர்வு கோடு போட்ட நோட்டு, பெரிய எழுத்து வேதாகமம், ஒரு பேனா. டைரி விலையில் நோட்டு பாதிகூட ஆகாது. நோட்டில் தேதி இல்லாததால் விட்ட நாள் வெற்றுப் பக்கமாகக் கண்ணில் குத்தாது. கேள்வி இல்லாமல் எழுத வராது என்கிறவர்கள், ‘நான் யார்’ பகுதி முன்னால் இருக்கும் பயிற்சிப் புத்தகம் ஒன்றை வாங்கி, பதிலை நோட்டில் எழுதுங்கள். அதே புத்தகத்தை அடுத்தவருக்கும் கொடுக்கலாம். தேதி டைரிதான் வேண்டும் என்றால், ஜனவரி பாதிக்கு மேல் மிச்சமிருப்பதைப் பல இடங்களில் விலை குறைத்துத் தருவார்கள். வாங்கி, போன நாட்களின் காலிப் பக்கங்களில் ஏழின் பட்டியலையும் 168 கட்டத்தையும் போட்டுக்கொண்டு, பிப்ரவரி முதல் திங்கட்கிழமை எபேசியர் 1-ல் ஆரம்பியுங்கள்.