பின்னர் பொருத்திய ரிமோட் ஸ்டார்ட்டர்: வயரிங் சார்ந்த நீண்டகால அனுபவம்

வெளியே இருந்தபடியே ரிமோட்டால் கார் எஞ்சினை இயக்க உதவும் கருவியான ரிமோட் ஸ்டார்ட்டரை, காரோடு வராமல் தனியாக வாங்கிப் பொருத்திப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்திவருகிறேன். இத்தகைய கருவிகளைப் பற்றிப் பேசுபவர்கள் ரிமோட் எவ்வளவு தொலைவிலிருந்து வேலை செய்கிறது, அதில் என்னென்ன வசதிகள் இருக்கின்றன என்பவற்றையே பெரும்பாலும் பேசுகிறார்கள். இவ்வளவு காலம் புழங்கிய பிறகு அவை எனக்கு இரண்டாம்பட்சமாகத்தான் தெரிகின்றன. பெட்டிக்குள் இருக்கும் மின்னணுப் பலகை எளிதில் பழுதாவதில்லை. அதிலிருந்து வரும் வயர்கள் காரின் வயர்களோடு சேரும் இடங்களும், பாதுகாப்புக்கென வைத்த ஓரிரு சிறிய சுவிட்சுகளும்தான் கருவியை நம்பலாமா கூடாதா என்பதை முடிவு செய்கின்றன.

சாவியைத் திருப்பும்போது இக்னிஷன் சுவிட்ச் செய்யும் வேலையை, ரிலேக்களின் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகளின்) உதவியோடு அதே வரிசையில் செய்வதுதான் இக்கருவியின் பணி. எனவே எந்த வயர் எதற்கு என்பதை வண்ணத்தை வைத்து ஊகிக்காமல் மல்டிமீட்டரால் அளந்தே உறுதிசெய்ய வேண்டும். பேட்டரியிலிருந்து நேரடியாக வரும் வயரில் சாவி இல்லாதபோதும் 12 வோல்ட் இருக்கும். இக்னிஷன் வயரில் சாவியை ஆன் செய்ததும் 12 வோல்ட் வரும், செல்ஃப் அடிக்கும்போதும் அது விலகாது. துணைக்கருவிகளுக்கான வயரிலோ செல்ஃப் அடிக்கும் நொடியில் மின்சாரம் நின்று மீண்டும் வரும். செல்ஃப் வயரில் அந்த நொடியில் மட்டுமே 12 வோல்ட் தெரியும். சில கார்களில் இக்னிஷன் வயர்கள் இரண்டு இருப்பதால், ஒன்றை மட்டும் இணைத்தால் எஞ்சின் ஓடினாலும் ஏசி இயங்காமல் போகலாம். அளப்பதற்குச் சாதாரண டெஸ்ட் லாம்ப்பைப் பயன்படுத்தக் கூடாது; அது இழுக்கும் மின்சாரம் கட்டுப்பாட்டு அலகுகளைக் கெடுக்கக்கூடும், மஞ்சள் உறையிட்ட ஏர்பேக் வயர்களின் அருகில் அதைக் கொண்டுபோவது பெரும் ஆபத்து. புதிய கார்கள் பலவற்றில் சாவி சுவிட்ச் சிறு சமிக்ஞையை மட்டுமே கட்டுப்பாட்டு அலகுக்கு அனுப்புகிறது. அவற்றில் 12 வோல்ட்டை நேராகக் கொடுக்காமல், காரின் கட்டுப்பாட்டு அலகுகளோடு தொடர்புகொள்ளும், அந்த மாடலுக்கென்றே உள்ள டேட்டா மாட்யூலைப் பயன்படுத்துவதே முறை.

இணைப்புகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ரிமோட்டால் எஞ்சின் ஓடும்போது எரிபொருள் பம்ப், புளோயர் முதலிய பலவற்றுக்கான மின்சாரம் முழுவதும் இந்தச் சில இணைப்புகள் வழியாகவே செல்வதால் 20 ஆம்பியர் என்பது அங்கே அசாதாரணமான அளவு அன்று. ஓர் இணைப்பில் 0.05 ஓம் மின்தடை மட்டும் இருந்தாலும், 20 ஆம்பியர் பாயும்போது 1 வோல்ட் அங்கேயே இழக்கப்பட்டு, 20 வாட் வெப்பம் டாஷ்போர்டுக்குள் மூடிய இடத்தில் உருவாகும். வயரின் உறையைக் கிழித்து அழுத்திப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப் கனெக்டர்கள் முதல் நாளில் சரியாகவே வேலை செய்யும். அதிர்விலும் வெப்பத்திலும் பிடி தளர்ந்த பிறகுதான் அவற்றின் குணம் தெரியவரும் என்பதால், அதிக மின்சாரம் செல்லும் இடங்களில் அவற்றை நான் ஏற்பதில்லை. என் காரில் மூல வயரை வெட்டாமல் உறையை மட்டும் சிறிதளவு நீக்கி, கம்பி இழைகளைப் பிரித்து நடுவே புதிய வயரை நுழைத்துச் சுற்றி, சால்டர் செய்து, துணி டேப்பால் இறுக்கிச் சுற்றப்பட்டிருக்கிறது. ஈயம் ஏறிய பகுதி விறைப்பாகிவிடுவதால், அதன் இரு பக்கமும் ஆடாமல் டை கொண்டு கட்ட வேண்டும். இல்லாவிட்டால் விறைப்பு முடியும் இடத்தில் இழைகள் ஒவ்வொன்றாக முறியும். உரிய கருவியால் அழுத்திய நல்ல கிரிம்ப் இணைப்பும் இதற்குச் சமமானதே. எர்த் வயரைப் பெயின்ட் சுரண்டிய வெற்று உலோகத்தில் வளைய முனையோடு தனி போல்ட்டில் இறுக்க வேண்டும். ஃபியூஸ் அடிக்கடி போனால் காரணத்தைத் தேட வேண்டுமே தவிர, பெரிய அளவு ஃபியூஸைப் போடுவது வயரையே ஃபியூஸாக்கிவிடும். வேலை தொடங்குமுன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிச் சில நிமிடங்கள் காத்திருப்பதும் கட்டாயம்.

இத்தனை காலத்தில் மாற்ற நேர்ந்த ஒரே பாகம், பானட் திறந்திருப்பதைக் கருவிக்குத் தெரிவிக்கும் பானட் சுவிட்ச்தான். நீரும் தூசியும் படும் இடத்தில் இருப்பதால் அது துருப்பிடித்தது. இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. பானட் திறந்ததும் எர்த் கொடுக்கும் வகைச் சுவிட்சில் வயர் அறுந்துபோனால், பானட் எப்போதும் மூடியிருப்பதாகவே கருவி நம்பிக்கொண்டிருக்கும். யாராவது எஞ்சின் அருகே கைவைத்திருக்கும்போதும் கட்டளைக்குக் கீழ்ப்படிந்துவிடும். பிரேக் பெடல் வயரும் அப்படியே: அது அறுந்தால் பெடலை மிதித்தும் கருவி நிற்காது, ஆனால் அன்றாடப் பயன்பாட்டில் எந்தக் குறையும் தென்படாது. ஆகவே கருவி இயங்குகிறதா என்று பார்ப்பதைவிட, மறுக்க வேண்டிய நேரத்தில் மறுக்கிறதா என்று பார்ப்பதே சரியான சோதனை என்று கருதுகிறேன். சர்வீஸ் சமயத்தில் சற்றுத் தள்ளி நின்று பானட்டைத் திறந்துவைத்து ரிமோட்டை அழுத்திப் பார்க்கிறேன். பிறகு ரிமோட்டால் ஓடும் எஞ்சினைப் பிரேக் மிதித்து நிறுத்திப் பார்க்கிறேன். என் கார் ஆட்டோமேட்டிக் என்பதால், முன்னும் பின்னும் யாரும் இல்லாத இடத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு, இக்னிஷனை ஆன் செய்து, கியரை டிரைவில் வைத்து, பிரேக்கின் மேல் காலை அழுத்தாமல் தயாராக வைத்துக்கொண்டு ரிமோட்டை அழுத்தும் சோதனையும் உண்டு. செல்ஃப் அடிக்கவே கூடாது. மேனுவல் கியர் கார்களில், நியூட்ரலில் வைத்து ஹேண்ட் பிரேக் போட்டுக் கதவைச் சாத்திய பிறகே கருவி தயாராகும் வகையையும், கதவு மீண்டும் திறந்தால் அது ரத்தாவதையும் உறுதிசெய்யாமல் பொருத்தவே கூடாது. மூடிய கராஜில் எந்தக் காரும் இப்படி ஓடக் கூடாது. எஞ்சின் புகையில் உள்ள நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை.

சாவியிலுள்ள சிப்பை அடையாளம் காணாவிட்டால் எஞ்சினை இயங்கவிடாத இம்மொபிலைசரைத் தாண்டுவதற்குக் காருக்குள் ஒரு சாவியை ஒளித்துவைக்கும் வழியைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். மலிவானதுதான், திருடனுக்கும் மலிவானது. தொடக்கக் கட்டளை வரும்போது மட்டும் இம்மொபிலைசரிடம் அனுமதி கேட்கும் மாட்யூலே என் காரில் இருக்கிறது. எஞ்சின் பிடித்துவிட்டதா என்பதைப் பேட்டரி வோல்டேஜை வைத்து ஊகிக்கும் முறையைவிட, சுழற்சி வேகத்தைக் காட்டும் டாகோ சமிக்ஞையோடு இணைப்பதே குளிரிலும் பேட்டரி சற்றுத் தளர்ந்திருக்கும்போதும் பிழையின்றிச் செயல்படுகிறது.

கார் நின்றிருக்கும்போது கருவி எடுக்கும் மின்சாரத்தையும் அளந்து வைத்துக்கொள்வது நல்லது. காரைப் பூட்டி, எல்லா அலகுகளும் உறங்கும்வரை காத்திருந்து பார்த்தால் மொத்தக் கசிவு 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். சர்வீஸுக்கு விடும்போது கருவியை ரிமோட் கட்டளையை ஏற்காத வேலெட் நிலைக்கு மாற்றிவிட்டு, ரிமோட்டை நானே வைத்துக்கொள்கிறேன். எஞ்சின் தானாக இயங்கக்கூடும் என்ற எச்சரிக்கை ஒட்டியும் பானட்டின் அடியில் இருக்கிறது.